அவதானமும் கவிதையும்

அவதானம் என்ற சொல்லுக்குக் கவனம் என்பதுதான் பொருள். இலங்கைத் தமிழில் இன்றும் அது அந்தப் பொருளில் அன்றாடம் புழங்குகிறது. தமிழகத்தில் அது ஒரு வித்தையின் பெயராகச் சுருங்கிவிட்டது. பிறகு வித்தையும் மறைந்து, பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அட்டாவதானி, தசாவதானி, சதாவதானி: எட்டு, பத்து, நூறு. கவனம் என்பது எண்ணிச் சொல்லக்கூடிய பண்டம், அதிகம் வைத்திருப்பவன் பெரியவன் என்ற நம்பிக்கை இந்தப் பட்டங்களுக்குள்ளேயே இருக்கிறது.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு மனோபாவங்கள் உண்டு. பண்டிதர்களுக்கு இது தமிழ் மூளையின் அமானுஷ்ய சக்திக்கு அத்தாட்சி. மேடையில் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கப் பயன்படும். புதுக்கவிதையோடு வளர்ந்த நம்மவர்களுக்கு இது சர்க்கஸ். ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். பெருமைப்படுகிறவருக்கும் சரி, இளக்காரம் செய்கிறவருக்கும் சரி, அந்த வித்தை எப்படி நடந்தது, அவதானியின் மனம் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்கும் ஆவல் இருந்ததில்லை. பார்த்திருந்தால், கவிதை எழுதும்போது நம் மனம் என்ன செய்கிறது என்ற சங்கடமான கேள்வி கூடவே வந்திருக்கும்.

1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில், இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் அறிஞர் கூட்டத்தின் முன்னிலையில் நூறு காரியங்களை ஏற்று நடத்திக் காட்டி, சதாவதானி என்று பெயர் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32. பள்ளிப் பாடப்புத்தகம் அவர் இந்த நூறையும் 'ஒரே நேரத்தில்' செய்தார் என்று சொல்கிறது. இந்த 'ஒரே நேரத்தில்' என்பதைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அவதான சபையின் அமைப்பை, இந்த மரபு இன்றும் உயிரோடு இருக்கும் தெலுங்கில் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. அட்டாவதானத்தில் கேள்வி கேட்கும் பிருச்சகர்கள் எட்டுப் பேர். ஒருவர் ஈற்றடி கொடுப்பார். ஒருவர் நான்கு சொற்களைக் கொடுத்து, அடிக்கு ஒன்றாக வரவேண்டும் என்பார். ஒருவர் பாட்டு எழ எழ அடுத்த எழுத்து இன்னதாக இருக்கக் கூடாது என்று தடுத்துக்கொண்டே வருவார். ஒருவர் அடிக்கும் மணியை எண்ண வேண்டும். இன்னொருவருக்கு வேலையே வம்பளப்பதுதான். சம்பந்தமில்லாத கேள்விகளைக் குறுக்கே போட்டுக் கவனத்தைக் கலைப்பது. அவதானி முதல் சுற்றில் செய்யுள் கேட்டவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடி சொல்கிறார். இரண்டாம் சுற்றில் இரண்டாம் அடி. நான்கு சுற்று முடிந்ததும், எல்லாச் செய்யுட்களையும் முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்குத் தாரணை என்று பெயர். தமிழ் அவதானங்களிலும் ஈற்றடிக்கு வெண்பா, சொக்கட்டான் ஆட்டம், கணக்கு, முதுகில் விழும் கற்களை எண்ணுவது என்று இனங்கள் இப்படியேதான் கலந்து கிடந்தன.

ஆக இது சுற்றுமுறை. அவதானி ஒரு கணத்தில் ஒருவரிடம்தான் இருக்கிறார். வித்தையின் சூட்சுமம் எட்டு பேரிடமும் சேர்ந்து இருப்பதில் இல்லை. ஒருவரைவிட்டு மற்றவரிடம் போய், மறுபடி முதல்வரிடம் வரும்போது விட்ட இடத்திலேயே காலை வைப்பதில் இருக்கிறது.

மனோதத்துவ பரிசோதனைக்கூடங்கள் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்திருக்கின்றன. ஓர் ஒலி கேட்டால் ஒரு பொத்தானையும், ஓர் எழுத்து தெரிந்தால் இன்னொரு பொத்தானையும் அழுத்தச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள அவகாசத்தைக் குறைத்துக்கொண்டே போனால், இரண்டாவதற்கான பதில் அந்த அளவுக்குத் தாமதமாகிக்கொண்டே போகிறது. கேட்பதும் பார்ப்பதும் சேர்ந்து நடக்கலாம். விரல்களின் அசைவு ஒன்றன்மேல் ஒன்று விழலாம். நடுவே, 'இதற்கு இது' என்று தேர்ந்தெடுக்கும் இடம் மட்டும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உள்ளே விடுகிறது. மற்றது வாசலில் நிற்கிறது. இது மூளையின் கட்டுமானத்திலேயே உள்ளதா, அல்லது மூளை கைக்கொள்ளும் உபாயமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் தாமதம் உண்மை. 2010இல் ஷாரோன், கேஷ்லின் என்ற இரண்டு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள், இரண்டு நோக்கங்களைச் சேர்த்துக் கொடுத்தபோது மூளையின் முன்பகுதியில் இடது பாதி ஒன்றையும் வலது பாதி மற்றதையும் பங்குபோட்டுக்கொள்வதைக் கண்டார்கள். மூன்றாவதைச் சேர்த்ததும் ஏதாவது ஒன்று தவறிப்போயிற்று. இரண்டுக்கே இந்தப் பாடு என்றால் நூறு என்பது என்ன?

நூறு என்பது ஞாபகத்தின் கணக்கு. அந்த ஞாபகத்தைத் தாங்குவது ஓர் அச்சு. 1980இல் எரிக்ஸன், சேஸ், ஃபலூன் என்ற மூவர் ஒரு கல்லூரி மாணவனைப் பற்றி எழுதினார்கள். சொல்லச் சொல்லக் கேட்டு ஏழு இலக்கங்களைத் திருப்பிச் சொல்லக்கூடியவனாக வந்தவன், இருநூறு மணி நேரத்துக்கு மேல் பழகி 79 இலக்கங்கள் வரை போனான். அவன் ஓட்டப் பந்தயக்காரன். காதில் விழும் இலக்கங்களை மூன்றும் நான்குமாகச் சேர்த்து, இன்ன தூரத்துக்கு இன்ன நேரம் என்று தனக்குத் தெரிந்த ஓட்டக் கணக்குகளாக மாற்றிக்கொண்டான். இலக்கத்துக்குப் பதிலாக எழுத்துக்களைக் கொடுத்தபோது ஆறோடு நின்றுவிட்டான். மூளை பெரிதாகிவிடவில்லை, குறிப்பிட்ட ஒரு சரக்குக்கு ஓர் அச்சு தயாராகியிருந்தது, அவ்வளவுதான்.

அவதானியின் அச்சு யாப்பு. ஈற்றடி கைக்கு வந்ததுமே மூன்றாம் அடியின் எதுகை பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. தளை, அடுத்த சீர் எப்படித் தொடங்கலாம், எப்படித் தொடங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறது. சிறுவயதிலிருந்து நிகண்டும் அந்தாதியும் நெட்டுருப் போட்ட ஒருவனுக்கு, இந்த எதுகைக்கு இன்ன சொற்கள் என்று ஒரு வரிசை காத்து நிற்கிறது. தேர்ந்தெடுக்க வேண்டியது கொஞ்சம்தான் மிச்சம். அந்தக் கொஞ்சத்தை முடித்துவிட்டுக் கவனம் அடுத்தவரிடம் போய்விடலாம். செய்யுள் தானாகவே தன் ஞாபகமாகவும் இருக்கிறது. ஓர் அடியைத் தொட்டால் மற்ற அடிகள் எதுகையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகின்றன. உரைநடையில் அவதானம் நடத்த முடியாது என்பதை யோசித்துப் பார்த்தால் யாப்பின் இந்தக் காரியம் விளங்கும்.

புதுக்கவிதை வந்த நாட்களில், 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகைக் காலத்திலும் அதற்குப் பின்னும், யாப்பைப் பற்றிய சண்டை சுதந்திரம், கட்டுப்பாடு என்ற வார்த்தைகளில்தான் நடந்தது. கவனம் என்ற கோணத்திலிருந்து அதை யாரும் பார்க்கவில்லை. இந்தக் கோணத்தில் யாப்பு விலங்கும் இல்லை, அலங்காரமும் இல்லை. கவிஞனின் மனத்திலிருந்து ஒரு சுமையை இறக்கிக் கையின் பழக்கத்தில் வைக்கும் சாதனம் அது. அப்படி இறக்கியதால் கிடைத்த கவனத்தை அவன் என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. கம்பன் அந்தக் கவனத்தைப் பாத்திரத்தின் மனசுக்குள் செலுத்தினான். அவதானி அதை அடுத்த பிருச்சகரிடம் கொண்டுபோனான். சாதனம் ஒன்றுதான்; மிச்சப்பட்டதைச் செலவழித்த விதம் வேறு. அவதானச் செய்யுட்களை நாம் இன்று நடந்ததற்குச் சான்றாகப் படிக்கிறோமே தவிர, கவிதையாகப் படிப்பதில்லை என்பதற்குக் காரணம் இது. அவற்றில் பிழை இல்லை. பிழை இல்லாமல் இருப்பதற்கு வேண்டிய கவனத்துக்கு மேல் ஒரு துளியும் அவற்றில் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு நாம் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ள முடியாது. நவீனத்துவத்துக்கும் ஓர் அவதானக் கதை உண்டு. 1896இல், பாவலர் சென்னை மேடை ஏறுவதற்குப் பதினோரு வருஷம் முன்பு, அமெரிக்காவில் ஹார்வர்ட் பரிசோதனைக்கூடத்திலிருந்து லியோன் ஸாலமன்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகமாணவி ஒருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு கதையைப் படித்துக்கொண்டே, இன்னொருவர் சொல்லச் சொல்லக் கை எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இருவரும் தங்களையே பரிசோதித்துக்கொண்டார்கள். பழகப் பழக எழுதுகிற கை தன் பிரக்ஞையில் இல்லாமல் போய்விடுகிறது, எழுதியது பிறகு பார்த்தால்தான் தெரிகிறது என்று எழுதினார்கள். அந்த மாணவியின் பெயர் கெர்ட்ரூட் ஸ்டைன்.

1914இல் வந்த ஸ்டைனின் 'டெண்டர் பட்டன்ஸ்' ஆங்கிலப் பரிசோதனை எழுத்தின் எல்லைக்கல்களில் ஒன்று. 1934இல் பி. எஃப். ஸ்கின்னர், பின்னாளில் நடத்தைவாத மனோதத்துவத்தின் பெரும் பெயராகப் போகிறவர், ஸ்டைனின் இரகசியம் தனக்குத் தெரிந்துவிட்டது என்கிற தோரணையில் 'அட்லாண்டிக்' மாதப் பத்திரிகையில் எழுதினார். புரியாத அந்த எழுத்து, ஹார்வர்டில் பழகிய தானியங்கி எழுத்தேதான் என்பது அவர் கட்சி. கவனம் வேறெங்கோ இருக்க, கை மட்டும் எழுதியது. அதனால்தான் அதற்குப் பின்னால் வாழ்ந்த ஓர் ஆளைக் காண முடியவில்லை என்றார். ஸ்டைன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தான் எழுதியது தானியங்கி எழுத்தே இல்லை என்று மறுத்தார்.

யார் கட்சி சரி என்பது எனக்கு இரண்டாம்பட்சம். ஸ்கின்னரின் குற்றச்சாட்டு எந்த அளவுகோலில் வைக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். அதே அளவுகோலால்தான் நாம் அவதானச் செய்யுளையும் தள்ளினோம். கவனம் இல்லாத இடத்தில் கை எதை எழுதும்? தனக்குப் பழக்கியதை எழுதும். யாப்பைப் பழக்கினால் வெண்பா வரும். சொல்லை உடைக்கப் பழக்கினால் உடைந்த வாக்கியம் வரும். பழையது, புதியது என்கிற பேதம் அங்கே கிடையாது.

இந்தக் கதைக்கு எண்பது வருஷம் கழித்து ஓர் அனுபந்தம் வந்தது. 1976இல் ஸ்பெல்கி, ஹர்ஸ்ட், நைஸர் மூவரும் அதே பரிசோதனையைப் புதிய முறையில் திரும்பச் செய்தார்கள். இரண்டு மாணவர்கள் மாதக்கணக்காகப் பழகி, கதை படித்துக்கொண்டே, சொல்லக் கேட்டு எழுதினார்கள். படிக்கும் வேகமோ பொருள் வாங்கிக்கொள்வதோ குறையவில்லை. ஆனால் கேட்டு எழுதிய சொற்களில் வரிசையாக ஒரே இனத்துச் சொற்கள் வந்தபோதுகூட முதலில் அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. பிறகு கவனிக்கும்படி சொல்லிப் பழக்கிய பின், படித்துக்கொண்டே, கேட்ட சொல்லின் இனத்தையும் எழுதக் கற்றார்கள். எனவே பழக்கம் வெறும் கைவேலையோடு நிற்பதில்லை. பொருளுக்குள்ளும் கொஞ்ச தூரம் போகும். நம்முடைய இளக்காரத்தையும் இது திருத்த வேண்டும். அவதானியை வெறும் யந்திரம் என்று சொல்லிவிட முடியாது.

செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றிச் செவிவழியாக வழங்கும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு சபையில் அவருக்கு, துருக்கனுக்கு ராமன் துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்தார்களாம். பாடுகிறவர் இஸ்லாமியர். கேட்டவரின் குறும்பு என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவர் முந்தின அடியின் கடைசியில் 'சத்' என்ற ஓரசையை வைத்தார். 'துருக்கன்' ராமனின் தம்பி சத்துருக்கனாகிவிட்டான். கம்பனும் சீறாவும் ஒன்றாகக் குடியிருந்த மனத்துக்குத்தான் இது தோன்றும். சிலேடை என்று மட்டும் இதைப் பார்ப்பவர் பண்டிதர். இங்கே ஓர் ஆள் மாட்டிவைக்கப்பட்டிருக்கிறான். அவன் மதம், மானம், சபை மரியாதை எல்லாம் ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அந்தக் கணத்தில் அவன் கவனம் பங்குபோடப்படவில்லை. எல்லாம் அந்த ஒரு சொல்லின்மேல் வந்து குவிந்தது, சொல் திறந்துகொண்டது. நூற்றுக்கும் பட்டம் கொடுத்த சபை மறைந்துவிட்டது. ஜனங்களின் நினைவு வைத்துக்கொண்டது இந்த ஒன்றை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சதாவதானி என்ற பட்டத்தின் நிழலில் மறைந்து கிடக்கும் வேலை ஒன்று பாவலருக்கு உண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு அவர் உரை எழுதினார். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள். ஒரு பாட்டைவிட்டு அடுத்த பாட்டுக்குப் போக யாரும் மணியடிக்கவில்லை. அரபுச் சொல்லும் தமிழ் மரபும் ஒரே சீரில் வந்து நிற்கும் இடங்களில் நின்று நிதானித்துப் பொருள் சொல்ல வேண்டிய வேலை. ஒரே மனிதரின் இரண்டு விதமான கவனங்கள் இவை. நம் நாட்டில் முதலாவதற்கு மண்டபம் நிரம்பியது. இரண்டாவதைப் பற்றி ஒரு விமர்சனக் கட்டுரை எழுத நமக்கு இன்னும் கைவரவில்லை. அட்டாவதானம் வீராசாமிச் செட்டியாரையும் அவர் அவதானத்துக்காக யாரும் இன்று தேடுவதில்லை. உட்கார்ந்து எழுதிய 'விநோதரசமஞ்சரி'யின் உரைநடைக்காகத்தான் தேடுகிறார்கள்.

குஜராத்தில் ராய்சந்த்பாய் என்ற ஸ்ரீமத் ராஜசந்திரர் இளம்வயதிலேயே சதாவதானியாகப் பம்பாயில் பிரசித்தி பெற்றவர். 1891இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தி, தனக்குத் தெரிந்த அந்நிய பாஷைச் சொற்களை எல்லாம் சொல்லி அவரைச் சோதித்துப் பார்த்ததையும், அவர் அவற்றை அதே வரிசையில் திருப்பிச் சொன்னதையும் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். தன்னைக் கவர்ந்தது அந்தச் சக்தி அல்ல என்றும் அங்கேயே சொல்கிறார். ராஜசந்திரரே இருபது வயதுவாக்கில் அவதான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டார். ஆத்ம விசாரத்துக்கு அது இடைஞ்சல் என்று அவருக்குப் பட்டது. கவனத்தின் விலை தெரிந்தவர் அதை மேடையில் செலவழிப்பதை நிறுத்தினார்.

நம் விஷயத்துக்கு வருவோம். யாப்பை விட்டபோது புதுக்கவிதை ஒரு சாதனத்தை இழந்தது. இழந்ததால் ஒவ்வொரு சொல்லுக்கும் முழுக் கவனத்தையும் கொடுத்தாக வேண்டிய நிர்ப்பந்தம் வந்தது. ஆரம்பகாலத்துப் புதுக்கவிதைகளில் நல்லவற்றுக்குள்ள இறுக்கம் இந்த நிர்ப்பந்தத்தால் வந்தது என்பது என் கட்சி. தாங்கிப் பிடிக்க அச்சு இல்லாத வரி, கவனம் ஒரு கணம் தவறினாலும் கீழே விழுந்துவிடும். ஆனால் அச்சு இல்லாமல் எந்தக் கலையும் அதிக நாள் இருப்பதில்லை. இன்று புதுக்கவிதைக்கும் ஓர் அச்சு வந்துவிட்டது. ஒரு வீட்டுப் பொருள், ஒரு மௌனம், ஒரு பறவை அல்லது மழை. ஏழெட்டு வரி உடைத்துப் போட்டபின் கடைசி இரண்டு வரியில் ஒரு திருப்பம். இந்தத் திருப்பம்தான் நம் ஈற்றடி. கேட்கும் பிருச்சகர்தான் இல்லை. நாமே நமக்குக் கொடுத்துக்கொள்கிறோம். பஸ்ஸில் போய்க்கொண்டே, போனில் பேசி முடித்த கையோடு, இதை எழுதிவிட முடிகிறது. எழுதவும் செய்கிறோம். கை தனக்குப் பழக்கியதைச் செய்கிறது. அவதானி சபையறியச் செய்ததை நாம் பிறருக்குத் தெரியாமல் செய்து, அதற்கு அனுபவம் என்று பெயர் வைக்கிறோம்.

அவதானியிடம் இருந்த ஒன்று நம்மிடம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவன் போன இடத்திலிருந்து திரும்பி வந்தான். எத்தனை பேர் குறுக்கிட்டாலும் எட்டு இழைகளும் அறுபடாமல் இருந்தன. கடைசியில் தாரணையில் எல்லாவற்றையும் சபைக்கு ஒப்புவித்தான். நாமோ ஒரு பக்கம் படிப்பதற்குள் நாலு செய்திக்குப் பதில் போடுகிறோம். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், முந்தியதன் எச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டு வந்து அடுத்ததைக் கெடுக்கிறது என்று 2009இல் ஸோஃபி லெராய் பரிசோதித்துக் காட்டினார். அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஒரு பரிசோதனையில், பல சாதனங்களை ஒருசேரப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் மிகுந்தவர்கள், வேண்டாததை ஒதுக்குவதிலும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவதிலுமே மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். தாவத் தாவத் தாவுவதில் தேர்ச்சி வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. அவதானியின் தேர்ச்சி தாவலில் வந்ததில்லை. வருஷக்கணக்காக ஒரே யாப்பில் ஒரே கவனமாக உட்கார்ந்து சேர்த்தது. மேடையில் அவன் செலவழித்தது அந்தச் சேமிப்பை. நாம் சேமிக்காமலே செலவழிக்கிறோம்.

யாப்புக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய அச்சுக்குப் போவதும் புதிய அச்சில் உட்கார்ந்துகொள்வதும் கவனத்தின் கணக்கில் ஒன்றுதான். எழுதியதைப் பார்க்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளிமையானது: இந்த வரியை எழுதியபோது நான் வேறெங்காவது இருந்திருந்தாலும் இது இப்படியே வந்திருக்குமா? ஆம் என்றால் அந்த வரி நம்முடையது இல்லை, கையினுடையது. பத்திரிகைகளுக்கு வரும் கவிதைகளை இந்தக் கேள்வியோடு படிக்கத் தொடங்கினால் இதழ்களின் பக்கங்கள் குறையும். விமர்சனம் எழுதுகிறவர்களும் இதற்கு விலக்கு இல்லை. பாவலரின் சீறாப்புராண உரையைப் பாட்டுப் பாட்டாகப் படித்து, எங்கே அவர் நின்றார், எங்கே நிகண்டை நம்பிக் கடந்துபோனார் என்று ஒருவர் எழுதட்டும். அந்த 1907 மாலையைப் பற்றிப் பேச நமக்குள்ள தகுதி அதற்குப் பிறகுதான் வரும்.